அக்காவின் இடத்தில்

ஜெனோவா, 1897 ஏப்ரல் 18

அன்புத் தங்கை டெல்ஃபீனாவுக்கு அக்கா எர்சீலியா எழுதுவது.

நான் நலம். நீயும் அப்பாவும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். அப்பாவின் கண் எப்படி இருக்கிறது? இடது கண்ணில் படர்ந்த புரை வலது கண்ணுக்கும் வந்துவிட்டதா? கடைக்குக் குடிக்க வருகிறவர்கள் சொல்லும் கைவைத்தியம் எதையும் கண்ணில் ஊற்றவிடாதே.

நாளைக் காலை கப்பல். இந்த முறை தென் அமெரிக்கா. புவனோஸ் ஐரிஸ் நகரில் செப்டம்பர் வரை ஓபரா நாடகம். கம்பெனி முதலாளி கிஸ்லாந்தி பரவாயில்லாத மனிதர். கத்துவதில்லை, அதுவே பெரிது. என் மேடை உடுப்புப் பெட்டிகள் கப்பலில் ஏறிவிட்டன. தூக்கிய கூலியாள் முனகிக்கொண்டே கேட்டான்: "என்னம்மா, உள்ள பொணமா இருக்கு?"

"ஆமாப்பா. நாலு பொம்பளைங்க. நாலு பேருமே கடைசி அங்கத்துல சாகறவங்க."

பாவம், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஒடெஸ்ஸா, லிஸ்பன், மால்ட்டா, டிஃப்லிஸ் என்று எத்தனை ஊரில் செத்தாயிற்று! இரண்டு குளிர்காலமாக மிலான் ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று முடிதிருத்தும் பிப்போ நம் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டானாமே. இப்போது கடல் தாண்டிக் கூப்பிடுகிறார்கள் என்று சொல் அவனிடம்.

முதல் மூன்று நாளில் ஜனங்களுக்குப் பிடிக்காவிட்டால் பாடகியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. எல்லா ஒப்பந்தத்திலும் உள்ளதுதான். கோரஸில் பாடியவர் அப்பா, அவருக்குத் தெரியும். மார்ச்சில் பிடித்த சளி இன்னும் முழுக்க விடவில்லை. கடல்காற்றுப் பட்டால் போய்விடும்.

பெந்தெகொஸ்தே திருநாளுக்குக் கோயிலில் நீ தனியாகப் பாடப்போவதாக எழுதியிருந்தாய். மேலே போகும்போது தாடையை இறுக்காதே. சின்ன வயதில் இதற்காக உன்னை எத்தனை தரம் கிள்ளியிருக்கிறேன்!

மருந்துக்கடை ஒரெஸ்தே ஐயாவுக்கும், கடையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் என் வணக்கம்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.
உன் அக்கா,
எர்சீலியா


குவஸ்தாலா, 1897 மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமாகக் கரை சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். சளி போயிற்றா? அப்பாவின் வலது கண்ணில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார். ஒயின் அளவு மட்டும் இன்னும் ஒரு சொட்டுப் பிசகுவதில்லை.

உன் கடிதத்தைக் கடையில் வாசித்தேன். சந்தை நாள், உட்கார இடமில்லை. கூலியாள் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். பிப்போவைப் பற்றிய வரி வந்தபோது அப்பா மேசையைத் தட்டினார். "கேட்டியாடா? கடல் தாண்டிக் கூப்புடுறாங்க எம்பொண்ண!"

பிப்போ விடவில்லை. "பக்கத்து ஊரு கூப்பிடாதவளத்தான் மாமா கடல் தாண்டிக் கூப்பிடுவாங்க."

அப்பா அவனுக்கு அன்றைக்கு ஒயின் ஊற்றவில்லை.

பெந்தெகொஸ்தே ஒத்திகைக்கு ரெஜ்ஜோ நகரத்துக் கொட்டகையிலிருந்து கோரஸ் வாத்தியார் வந்திருந்தார். நான் பாடி முடித்ததும் இசைத்தாளை மூடி வைத்தார். பிறகு, "நீ ஏம்மா பார்மா சங்கீதப் பள்ளிக்குப் போய்ப் படிக்கல?" என்றார். கடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். ஒரு வீட்டுக்கு ஒரு பாடகி போதும் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஊறப்போட்டிருந்த மேசைத்துணிகளைத் துவைத்தேன்.

முதல் நாள் எப்படி நடந்தது என்று எழுது. அப்பா தினமும் தபால்காரன் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கிறார்.

உன் ஆரோக்கியத்துக்காகச் செபிக்கும் தங்கை,
டெல்ஃபீனா


புவனோஸ் ஐரிஸ், 1897 ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அப்பாவுக்கு என் முத்தங்கள்.

இங்கே இப்போது குளிர்காலம். ஆற்றிலிருந்து மூடுபனி வருவது நம் போ நதிக்கரையில் வருவது போலவே இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் நம் பாஷைதான் பேசுகிறார்கள். இறைச்சி மலிவு. ஏழைகூட மூன்று வேளை மாட்டிறைச்சி தின்கிறான். எங்கள் கதாநாயகப் பாடகர், தெனோர் ஒத்தோரீனோ நெத்திலிக் கருவாடும் பூண்டும் தின்றுவிட்டு மேடைக்கு வருகிறார். காதலில் உருகி அவர் மார்பில் சாயும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறேன்.

முதல் நாள் கொட்டகை நிறைந்திருந்தது. எல்லாம் மின்சார விளக்கு. பணக்காரர்கள் உட்காரும் தனி மாடங்களில் பெண்களின் வைரம் கண்ணைப் பறிக்கிறது. தங்கியிருக்கும் விடுதியில் ஒரு கிளி இருக்கிறது, காலையில் ஸ்பானிய மொழியில் திட்டும்.

அப்பாவிடம் எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல். அடுத்ததில் விரிவாக எழுதுகிறேன்.

உன் அக்கா,
எர்சீலியா


ரொசாரியோ, 1897 ஜூன் 20

அன்புத் தங்கை டெல்ஃபீனாவுக்கு,

நலம். நீங்களும் நலமென்றே நினைக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலிக்குக் கற்பூர எண்ணெய் தேய்த்துவிடு.

இதை நீ மட்டும் படி. கடையில் வாசிக்காதே.

என்னை அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் மூன்றாம் அங்கத்தில் மேல் ஸ்தாயியைப் பிடிக்கப் போனேன், குரல் இரண்டாக உடைந்தது. மேல்மாடியில் ஒருவன் சேவல் மாதிரி கூவினான். மாடி முழுக்கச் சிரித்தது. ஊளையிட்டிருந்தால் தாங்கியிருப்பேன். லிஸ்பனில் ஒருமுறை ஊளையிட்டார்கள், மறுநாள் பாடி வாயை அடைத்தேன். இது சிரிப்பு. நான் செத்துக் கிடக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் நான் மேடைக்கு வந்ததுமே கூவினார்கள். மூன்றாம் நாள் கிஸ்லாந்தி ஒப்பனை அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"எர்சீலியா, உக்காரும்மா."

"நின்னுக்கிட்டே கேக்கறேன்."

"மிலானுக்குத் தந்தி குடுத்துட்டேன். வேற ஒருத்தி வர்றா."

"சளிங்க. பத்து நாள் ஓய்வு குடுங்க, சரியாயிடும்."

"சளி இல்லம்மா இது. உனக்கும் தெரியும்." அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உடுப்புங்க இங்கயே இருக்கட்டும். வர்றவளுக்கு ஆகும்."

பதினாறு வருஷமாக நானே துணி பார்த்து, நானே மணி கோத்துத் தைத்த உடுப்புகள். கம்பெனிக் கணக்கில் நான் பாக்கி என்று எதையோ சொல்லி வைத்துக்கொண்டார். பருவம் முடியும்வரை இருப்பவர்களுக்குத்தான் திரும்பக் கப்பல்சீட்டு.

ரொசாரியோவில் நம்மூர்த் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு கூடம் இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் அங்கே பாடுகிறேன். கீழ்ச் சுரத்தில் பாடக்கூடிய பாட்டுகள் மட்டும். குடித்துவிட்டு அழுகிறார்கள், பாவம், ஊர் ஞாபகம்.

வருகிறவள் யாரென்று தெரியாது. இளையவளாம், மேடையே ஏறாதவளாம். நான் கெட்டவளாகிவிட்டேன் டெல்ஃபீனா. செபமாலை சொல்லும்போதெல்லாம், கப்பல் கரை சேருமுன் அவள் தொண்டை கட்டிப்போக வேண்டும் என்று வேண்டுகிறேன். மாதா என்னை மன்னிக்கட்டும். ஆனால் வேண்டுவதை நிறுத்த முடியவில்லை.

அப்பாவுக்கு ஏதாவது சொல்லிச் சமாளி. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

எர்சீலியா


ஜெனோவா, 1897 ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? தொண்டை தேவலையா? எனக்கு எல்லாம் தெரியும், இனி மறைக்காதே.

மிலானிலிருந்து பெவெரெல்லி என்று ஒரு தரகர் கடைக்கே வந்தார். ரெஜ்ஜோ கோரஸ் வாத்தியார் சொல்லி அனுப்பினாராம். உனக்குச் சளி முற்றிவிட்டது, ஒருநாள் விட்டு ஒருநாள் பாட ஆள் வேண்டும், என் பெயரைச் சொன்னதே நீதான் என்றார். "அக்காவும் தங்கச்சியும் ஒரே மேடையில! சனம் மொய்ச்சுக்கிட்டு வரும்" என்றார். அப்பா அழுதேவிட்டார்.

ஒரு வரி எனக்கு நேரே எழுதியிருக்கக் கூடாதா நீ? எழுதியிருப்பாய், அந்தக் கடிதம் இப்போது கடலில் எங்கோ வந்துகொண்டிருக்கும்.

உன் ஜூன் இரண்டாம் தேதிக் கடிதம் கிளம்புவதற்கு முன்தினம்தான் கிடைத்தது. அதில் கிளி இருந்தது, நெத்திலி இருந்தது, கைதட்டல் இல்லை. அப்பா, "எத்தன தரம் திரைக்கு முன்னால கூப்புட்டாங்களாம்?" என்றார். எண்ணி முடியவில்லையாம், பூக்களில் வழுக்கி ஒத்தோரீனோ விழுந்துவிட்டாராம் என்று வாசித்தேன். கடை முழுக்க ஒரே ஆரவாரம். பிப்போகூடத் தொப்பியைக் கழற்றினான். எனக்குச் சரளமாக வந்தது அக்கா, எனக்கே ஆச்சரியம்.

அப்பாவை ஒரெஸ்தே ஐயா பார்த்துக்கொள்வார். கடைக்கு அத்தை மகன் வந்திருக்கிறான். எனக்குப் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன். உன் வேஷங்கள் நான்கும் எனக்கு மனப்பாடம், நீ ஊருக்கு வரும்போதெல்லாம் சமையலறையில் பாடிக் கேட்டதுதானே! இந்தக் கடிதம் எனக்கு முந்திய கப்பலில் போகிறது. துறைமுகத்துக்கு வருவாய் அல்லவா?

உன்னைக் காணும் நாளை எண்ணி,
டெல்ஃபீனா


குவஸ்தாலா, 1897 ஜூலை 25

அன்புமிக்க டெல்ஃபீனாவுக்கு,

மருந்துக்கடை ஒரெஸ்தே எழுதுவது. உன் அப்பா அர்துயீனோ உடல்நலத்தோடு இருக்கிறார், இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். உன் நலத்தை விசாரிக்கச் சொல்கிறார். கடல் பயணத்தில் வாந்தி இருந்திருந்தால் எலுமிச்சை நல்லது.

சென்ற புதன்கிழமை உன் அக்காவின் கடிதம் உன் பெயருக்கு வந்தது. கடையில் கூட்டம். உன் அப்பா அதை என் கையில் கொடுத்து, "சத்தமா வாசிங்க, தெருவுக்குக் கேக்கணும்" என்றார். வாசித்தேன். நலம் விசாரிப்பு முடிந்து அடுத்த வரிக்கு வந்தேன். நீ மட்டும் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நிறுத்திவிட்டேன்.

"என்ன நின்னுட்டீங்க?" என்றார்.

எழுத்து மங்கலாக இருக்கிறது என்றேன். பிறகு வானிலையைப் பற்றி எதையோ சொல்லி ஒப்பேற்றப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தினார். "ஒரெஸ்தே, எனக்குப் பொய் வாசிக்கத் தெரிஞ்சவ எஞ்சின்னவ ஒருத்திதான். அது உங்களால ஆகாது. உள்ளத வாசிங்க."

"அர்துயீனோ, அப்புறம் தனியா..."

"வாசிங்க."

வாசித்தேன். நான் கோழை அம்மா, அவர் குரலுக்குப் பயந்து முழுவதையும் வாசித்தேன். சேவல், உடுப்பு, எல்லாம். புதிதாக வருகிறவளின் தொண்டை கட்டிப்போக வேண்டுமென்று உன் அக்கா செபிக்கும் இடமும் வந்தது. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கப்பலில் போய்க்கொண்டிருப்பது யாரென்று தெரியும். பிப்போதான் முதலில் எழுந்தான். காசை வைத்துவிட்டு, "வர்றேன் மாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கும் கேலி வரவில்லை.

அன்றிலிருந்து கடை பூட்டியிருக்கிறது. உனக்கு எழுதவேண்டும் என்று இன்றுதான் கூப்பிட்டார். "பாடாதேன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். "இல்ல, அத அடிச்சிடுங்க. அவளும் எத்தன வருசம் எனக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டுக் கெடந்தா. பாடுன்னு எழுதுங்க." அதையும் எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அதையும் அடிச்சிடுங்க" என்றார். மேலே இரண்டு வரி மை பூசி இருப்பதற்கு மன்னிக்கவும்.

"ரெண்டு பேரும் வாங்க" என்று மட்டும் இருக்கட்டும் என்கிறார்.

கடவுள் துணை.
ஒரெஸ்தே
(அர்துயீனோவின் கைநாட்டு)


புவனோஸ் ஐரிஸ், 1897 ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? ரொசாரியோவில் குளிர் அதிகமா?

துறைமுகத்தில் உன்னைத் தேடினேன். கிஸ்லாந்தியின் ஆள்தான் நின்றிருந்தான். "அக்கா எங்கே?" என்றேன். "எந்த அக்கா?" என்றான். கொட்டகைக்குப் போனதும் எல்லாம் தெரிந்தது. ஒத்தோரீனோதான் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கத்து முகவரி கொடுத்ததும் அவர்தான்.

நான் கிஸ்லாந்தியிடம் போய்ச் சத்தம் போட்டேன். "என்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. எங்கக்காவ வெளிய தள்ளிட்டு அந்த எடத்துல என்னை நிக்க வைக்கறீங்களா?"

அவர் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். "நீ பாடலேன்னா அடுத்த கப்பல்ல இன்னொருத்தி வருவா. உங்கக்காவுக்கு அதனால என்ன லாபம்? கோரஸ்ல அறுவது பேரு இருக்கான், புள்ளகுட்டிக்காரன். இன்னொரு வாரம் கொட்டகையச் சாத்தினா அவன் எப்படி ஊருக்குப் போவான்? சொல்லு."

அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீயாக இருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாய்.

உன் உடுப்புகளைக் கொண்டுவந்தார்கள். இடுப்பில் இரண்டு விரல் பிடிக்க வேண்டியிருந்தது. தையற்காரி கத்தரியை எடுத்தபோது நிறுத்தச் சொல்லிவிட்டு, துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னேன். நீ திரும்ப வாங்கிக்கொள்ளும்போது பிரித்துவிடலாம். நீலப் பட்டின் கழுத்தில் உன் முகப்பூச்சு வாசனை அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் தேதி முதல் நாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வந்து என் பக்கத்தில் இரு அக்கா. இல்லையென்றால் ஒரு வார்த்தை எழுது. நீ எது சொன்னாலும் கேட்கிறேன்.

உன் தங்கை,
டெல்ஃபீனா


ரொசாரியோ, 1897 ஆகஸ்ட் 7

மதிப்பிற்குரிய செல்வி டெல்ஃபீனாவுக்கு,

நான் நலம். தாங்களும் நலமாயிருக்க இறைவன் அருள்வானாக. ஜெனோவாவிலிருந்து தாங்கள் எழுதியதும், புவனோஸ் ஐரிஸிலிருந்து எழுதியதும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இரண்டும் நீளமான கடிதங்கள். பாடமாட்டேன் என்று எந்த இடத்திலும் தாங்கள் எழுதவில்லை.

நான் எது சொன்னாலும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதம் என் கைக்கு வருவதற்குள் ஐந்தாம் தேதி போய்விட்டது.

நீலப் பட்டை ஈரத்தில் வைக்க வேண்டாம், சாயம் இறங்கும்.

தங்கள் வெற்றிக்கு வாழ்த்துகளுடன்,
எர்சீலியா


புவனோஸ் ஐரிஸ், 1897 ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? என் பெயருக்கு முன்னால் செல்வி போடாதே. திட்டு. கிள்ளு. இப்படி எழுதாதே.

பாடினேன். மறைக்க என்ன இருக்கிறது? மூன்றாம் அங்கத்தில் அந்த இடம் வந்தபோது மேல்மாடியைப் பார்த்தேன். உன்னைப் பார்த்துக் கூவியவன் அங்கேதான் எங்கோ உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் குரல் உடையாமல் மேலே போய் நின்றது. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். கீழே குனிந்து வணங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்வேன்? அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு அழுததையும் உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஒரெஸ்தே ஐயா எழுதியிருக்கிறார். நீ எனக்கு மட்டும் என்று எழுதிய கடிதம் அப்பா கைக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், நீ யாருக்கு எதிராகச் செபித்தாய் என்பதும் தெரியும். கோபமில்லை, இரண்டு பேரும் வாருங்கள் என்கிறார். எனக்கும் கோபமில்லை. உனக்கு அது நான் என்று தெரியாதே.

செப்டம்பர் பன்னிரண்டு கடைசி நாள். இருபதாம் தேதி கப்பல். உனக்கும் சேர்த்துச் சீட்டுக் கேட்டு வாங்கிவிட்டேன். பதினைந்தாம் தேதி ரொசாரியோவுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன். பெட்டியைக் கட்டிவை.

டெல்ஃபீனா


குவஸ்தாலா, 1897 நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எங்கே இருக்கிறாய்?

ரொசாரியோ சங்கத்துக்குப் போனேன். செப்டம்பர் தொடக்கத்திலேயே அறையைக் காலி செய்துவிட்டாய் என்றார்கள். வடக்கே போனதாக ஒருவர், தெற்கே என்று இன்னொருவர். இரண்டு நாள் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

நான் தனியாகப் படியேறிய சத்தத்தைக் கேட்டே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கடையைத் திறந்திருக்கிறோம். இன்று கல்லறைத் திருநாள், அம்மா கல்லறையில் உன் பங்குக்கும் மெழுகுவர்த்தி வைத்தேன்.

இதைச் சங்கத்து முகவரிக்கே அனுப்புகிறேன். யாராவது உன்னிடம் சேர்க்கட்டும்.

டெல்ஃபீனா


துக்குமான், 1898 ஜனவரி 16

டெல்ஃபீனாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அப்பாவிடம் என்னை மன்னிக்கச் சொல்.

உன் கடிதம் ஊர் ஊராகச் சுற்றி இங்கே வந்தது. நான் வடக்கே கரும்பு விளையும் ஊரில் இருக்கிறேன். ராணுவச் சீருடை தைக்கும் கடையில் பொத்தான் துளை போடும் வேலை. தையற்காரர் நெமேசியோவும் அவர் மனைவியும் தங்கமானவர்கள். நான் பாடகி என்று அவர்களுக்குத் தெரியாது, சொல்லவும் மனமில்லை. குரல் போய்விட்டது, சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறேன். மருத்துவர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். சளியல்ல, கட்டி. சுவாசத்தை அடைத்துக்கொண்டு வருகிறது. பிப்ரவரியில் அறுத்து எடுக்கப்போகிறார்கள். பிழைத்தால் கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடுவேனாம். குரல் என்ற ஒன்று இருக்காது. நீ கப்பல் ஏறி வராதே. என்னை அப்படிப் பார்க்க நான் உன்னை விடமாட்டேன்.

ஒன்றைச் சொல்லவேண்டும். உன் கடைசி நாளுக்கு நான் வந்திருந்தேன்.

நீ தோற்பதைப் பார்க்கத்தான் வந்தேன். மேல்மாடியில், கூவுகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். மூன்றாம் அங்கத்தில் அந்த இடம் வந்தபோது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடை, உடை என்றேன். உடையவில்லை. தாடையை இறுக்கவே இல்லை நீ. எனக்கு அது ஒருநாளும் அவ்வளவு சுலபமாக வந்ததில்லை. என் இருபத்தைந்து வயதிலும் வந்ததில்லை.

எல்லாரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. பக்கத்தில் துறைமுகக் கூலி ஒருவர், நம்மூர்ப் பேச்சு. "என்னம்மா, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? பாட்டுப் பிடிக்கலையா?"

"அவ என் தங்கச்சி" என்றேன். அப்போது கொஞ்சம் குரல் இருந்தது, காற்று மாதிரி.

"ஏன், எனக்கு அத்த பொண்ணு! இன்னிக்கு இந்த மாடில இருக்கிற அத்தன பேருக்கும் அவ சொந்தம்தான்!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பின்வாசலுக்கு எதிரே தெருவில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நீ பூக்களோடு வெளியே வந்தாய். கூட்டம் உன்னைச் சுற்றிக்கொண்டது. நீ யாரையோ தேடுகிறவள் மாதிரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாய். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் மனதில் வேறு எதுவும் இல்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். ஒடெஸ்ஸாவில் மூவாயிரம் பேர் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்ட குரல், ஒரு தெருவைத் தாண்டவில்லை. நீ வண்டியில் ஏறிவிட்டாய்.

ஓடி வந்திருக்கலாம். வண்டி மெதுவாகத்தான் போயிற்று.

நன்றாகப் பாடினாய். பாடு. வானத்து நல்ல சம்மனசுகள் உனக்குத் துணை இருக்கட்டும்.

அக்கா


திரியெஸ்தே, 1898 மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இது நான்காவது கடிதம். நெமேசியோ எழுதியிருந்தார். மார்ச்சில் நான் உனக்குச் சீட்டு எடுத்து அனுப்பியதற்கு வந்த பதில் அதுதான். அறுவை முடிந்ததாம், நீ பிழைத்துக்கொண்டாயாம். வேலைக்கும் போகிறாயாம். என் கடிதங்களை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறாயாம், பிரிப்பதில்லையாம். "நான் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். ஆகவே இதையும் நீ பிரிக்கமாட்டாய்.

அப்பா தவக்காலத்தில் போய்விட்டார். நெஞ்சுச் சளி, நான்கு நாள்தான் படுத்தார். நான் ரெஜ்ஜோவில் பாடிக்கொண்டிருந்தேன். பிப்போதான் கடைசி இரண்டு இரவும் பக்கத்தில் இருந்திருக்கிறான். சவரம் செய்துவிட்டு, பிரேதத்தைக் குளிப்பாட்டியதும் அவன்தான். உன் கழுத்தைப் பற்றி அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. நீ அமெரிக்காவில் பாட்டு வாத்தியாராக இருப்பதாகச் சொல்லியிருந்தேன். நம்பினாரா என்று தெரியாது. தலையை ஆட்டினார்.

கடையை அத்தை மகனுக்குக் கொடுத்தாயிற்று. நான் இனி அந்த ஊருக்குப் போவதாக இல்லை. இலையுதிர் காலம் முழுக்க ஒப்பந்தம் இருக்கிறது. ஊர், கொட்டகை, விடுதி. காலையில் எழுந்ததும் எந்த ஊர் என்று ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. உனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? நீ ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பின்வாசலில் நான் தேடியது உன்னைத்தான். வருவாய் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தேடினேன். கூட்டத்தின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை அக்கா. எதுவுமே கேட்கவில்லை.

அலங்காரக்காரி கதவைத் தட்டுகிறாள். போகவேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர்காலம் வருகிறது, கழுத்தை மூடிக்கொள்.

டெல்ஃபீனா